ஒரு சிறிய அந்துப்பூச்சியும் பெரிய வர்த்தகமும்

பழ வியாபாரத்தில் ஈடுபடும் ஒருவர் சரக்கை வாங்குவதற்கு முன்னர் வழமையாக மூன்று கேள்விகளைக் கேட்பார். விலை என்ன? எந்த நாட்டிலிருந்து வருகிறது? எத்தனை நாட்களுக்குப் பழுதடையாமல் இருக்கும்? இந்த மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் சர்வதேசச் சந்தையில் இவற்றுக்கு முன்னதாகவே நான்காவது கேள்வி ஒன்று கேட்கப்படுகிறது. அந்தப் பழம் விளைந்த மண்ணில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்பதே அது. இதற்கான பதில் சரியில்லாவிட்டால் விலையைப் பற்றிப் பேசுவதற்கே இடமிருக்காது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அரசாங்க அதிகாரிகளின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பூச்சியைச் சரியாக இனங்கண்டு, அதனை முறையாகப் பதிவு செய்வது எவ்வளவு பெரிய வர்த்தக விளைவுகளைக் கொண்டு வரும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2007 ஆம் ஆண்டு ஆரம்பித்த ஒரு சம்பவம் நல்ல உதாரணமாகும். எமது வர்த்தகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பல பாடங்கள் அதில் உள்ளன.

வீட்டுத் தோட்டத்தில் விழுந்த பூச்சி

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் ஜெரி பவல். அந்துப்பூச்சிகளே அவரது வாழ்நாள் ஆய்வு. ஓய்வுபெற்ற பின்னரும் தமது வீட்டுத் தோட்டத்தில் விளக்குப் பொறி ஒன்றை வைத்து, அதில் விழும் பூச்சிகளைப் பார்த்துக் குறித்து வைப்பதை அவர் கைவிடவில்லை. அவ்வாறு விழுந்தவற்றுள் ஒரு வகை அந்த மாநிலத்துக்குரியதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் அதிகாரிகளுக்கு அறிவித்தார். 2007 மார்ச் மாதத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் அதனை உறுதிப்படுத்தியது. அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட 'இளம்பழுப்பு அப்பிள் அந்துப்பூச்சி' என்பதே அது. விஞ்ஞானப் பெயர் எபிஃபையஸ் போஸ்ட்விட்டானா.

இந்தப் பூச்சி இறக்கையை முழுதாக விரித்தாலும் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும். கூடுதலாக வெளிறிய பழுப்பு நிறமே. ஆண் பூச்சிக்கு இறக்கையின் முன்பாதி வெளிறியும் பின்பாதி கறுத்தும் இருக்கலாம். பெண் பூச்சி வேறு விதமாக இருக்கும். ஒரே தாயின் குஞ்சுகளே ஒன்றையொன்று ஒத்திராமல் இருப்பதும் உண்டு. காய்ந்த இலைத் துண்டு ஒன்று கிளையில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் சாதாரணக் கண்ணுக்குத் தெரியும்.

பழத்துக்குச் சேதம் விளைவிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழுதான். தாய்ப் பூச்சி இலையின் மீது முட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று சற்றே படியும்படி கூட்டமாக இடுகிறது. வெளிவரும் பச்சைப் புழு நூல் போன்ற இழையால் இலையைச் சுருட்டி உள்ளே இருந்துகொண்டு தின்னும். இலை பழத்தோடு ஒட்டியிருக்கும் இடத்திலும், இரண்டு பழங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும் தோலைச் சுரண்டிவிடும். உட்சதை கெடாவிட்டாலும் தோலில் தழும்பு விழுந்துவிடும். தழும்பு விழுந்த அப்பிளை முதற்தரம் என்று எந்த வியாபாரியும் வாங்கமாட்டார். அப்பிள், பெயார்ஸ், தோடை, திராட்சை, ஸ்ட்ரோபெரி என்று அது உண்ணும் தாவரங்களின் பட்டியல் மிக நீளமானது. 2000 க்கும் அதிகமான தாவர வகைகளை அது தாக்கக்கூடும் என்று அமெரிக்க அதிகாரிகள் அப்போது எச்சரித்தனர்.

பெயர் சொல்வது ஏன் கடினம்?

இலைசுருட்டிப் புழுக்கள் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே இந்தப் பூச்சி. அந்தக் குடும்பத்தில் இதைப் போலவே தோற்றமளிக்கும் உள்ளூர் இனங்கள் கலிபோர்னியாவில் முன்னரே இருந்தன. புழுவை மட்டும் பார்த்து இது இன்ன இனம்தான் என்று அனுபவசாலிகளாலும் அடித்துச் சொல்ல முடியாது. பறக்கும் பூச்சியிலும் இறக்கையின் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அதன் அடிவயிற்றைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டியிருக்கும். புழுவாக இருந்தால் மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

இத்தகைய வேலையைச் செய்யக்கூடியவர்கள் எந்த நாட்டிலும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. அந்தச் சிலருள் ஒருவருடைய தோட்டத்திலேயே இந்தப் பூச்சி விழுந்ததுதான் இங்கு விசேடம். வேறு ஒருவருடைய தோட்டத்தில் விழுந்திருந்தால் அது விளக்கைச் சுற்றிவிட்டுச் செத்திருக்கும். எவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பூச்சியைப் பதிவு செய்வதென்றால் அதன் பெயரை மட்டும் எழுதி வைப்பதல்ல. எந்தத் திகதியில், எந்த இடத்தில், எந்த முறையில், யாரால் பிடிக்கப்பட்டது என்ற விபரங்கள் சேர்ந்திருக்க வேண்டும். பூச்சியின் உடலும் பாதுகாக்கப்பட வேண்டும். அப்போதுதான் பத்து வருடங்களுக்குப் பிறகும் வேறொருவர் அதனை எடுத்துச் சரிபார்க்க முடியும். ஒரு வியாபாரியின் கணக்கேட்டில் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும் என்பது எவ்வாறோ, இதுவும் அவ்வாறே. பற்றுச்சீட்டு இல்லாத கணக்கைக் கணக்காய்வாளர் ஏற்றுக்கொள்ளமாட்டார். மாதிரியும் விபரமும் இல்லாத பூச்சிப் பதிவை விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ளாது.

பெயர் உறுதியானதும் நடந்தது

பெயர் உறுதியானவுடன் நிலைமை தலைகீழாக மாறியது. ஆண் பூச்சிகளைக் கவரும் பெண் பூச்சியின் மணத்தைச் செயற்கையாகத் தயாரித்து வைக்கப்பட்ட பொறிகள் ஆயிரக்கணக்கில் மரங்களில் தொங்கவிடப்பட்டன. தேடத் தொடங்கியதும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள பல மாவட்டங்களில் பூச்சி அகப்பட்டது. 2007 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் கட்டுப்பாட்டு உத்தரவொன்றைப் பிறப்பித்தது. அதன்படி அந்த மாவட்டங்களிலிருந்து பழங்கள், மரக்கன்றுகள், வெட்டுப்பூக்கள் ஆகியவற்றைப் பரிசோதனையும் சான்றிதழும் இன்றி வெளியே அனுப்ப முடியாது. அயல் நாடுகளான கனடாவும் மெக்சிக்கோவும் தங்கள் பங்குக்குக் கட்டுப்பாடுகளை விதித்தன.

மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் சிறிய அளவில் மரக்கன்றுகளை வளர்த்து விற்கும் நாற்றுமேடைக்காரர்கள். பரிசோதகர் வந்து ஒரு கன்றில் சந்தேகத்துக்குரிய ஒரு புழுவைக் கண்டால் போதும், அதன் பெயர் தெரியும் வரை சரக்கை நகர்த்த முடியாது. மேலே குறிப்பிட்டது போல, உள்ளூர்ப் புழுவும் அந்நியப் புழுவும் பார்வைக்கு ஒன்றே. ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். வசந்த காலத்தில் விற்றால்தான் கன்றுக்கு விலை. பருவம் தவறினால் அந்த வருட முதல் முடங்கிவிடும். பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கும். அன்றாட வருமானத்தை நம்பியிருக்கும் சிறு வியாபாரிக்கு ஒவ்வொரு நாளும் நட்டமே. பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதன் விலையை இறுதியில் செலுத்துபவர் யார் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பூச்சியை முற்றாக ஒழித்துவிடுவதென்று மாநில அரசு தீர்மானித்தது. 2007 இன் இறுதி மாதங்களில் மொன்டரே, சாண்டா குரூஸ் மாவட்டங்களின் குடியிருப்புப் பகுதிகள் மீது இரவு வேளைகளில் விமானம் மூலம் ஒரு மருந்து தெளிக்கப்பட்டது. அது பூச்சியைக் கொல்லும் நஞ்சு அல்ல. பெண் பூச்சியின் மணத்தைக் காற்றெங்கும் பரப்பி, ஆண் பூச்சி தன் இணையைக் கண்டுபிடிக்க முடியாதபடி குழப்பும் முறையாகும். ஆயினும் தமது தலைக்கு மேல் என்ன தெளிக்கப்படுகிறது என்பது மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. சுவாசக் கோளாறு, கண் எரிச்சல் என்று நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் வந்தன. அவற்றுக்கு அந்த மருந்துதான் காரணமா என்பதை மாநிலச் சுகாதார அதிகாரிகளால் உறுதிசெய்ய முடியவில்லை. மக்கள் வீதிக்கு இறங்கினர். வழக்குகள் தொடரப்பட்டன. சுற்றாடல் அறிக்கை இன்றித் தெளிக்க முடியாது என்று 2008 இல் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அதே வருடம் ஜூன் மாதத்தில் நகரங்களின் மீது தெளிக்கும் திட்டத்தை அரசு கைவிட்டது. இதற்கிடையில் 2008 இன் ஆரம்பத்தில் மத்திய அரசாங்கம் இந்த ஒரு பூச்சிக்காக ஒதுக்கிய அவசர நிதி மட்டும் 74.5 மில்லியன் டொலர் என்பது குறிப்பிடத்தக்கது.

பதிவு சொல்லாதவை

அமெரிக்க அதிகாரிகளின் கையில் இருந்தது ஒரு பெயரும் ஒரு திகதியும் ஓர் இடமும்தான். 'இது இங்கே இருக்கிறது' என்பதை அந்தப் பதிவு ஐயமின்றி நிரூபித்தது. ஆனால் 'இது எப்போது வந்தது? இங்கே எவ்வளவு நட்டம் விளைவிக்கும்?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியை அரசு அனுமானத்தால் நிரப்பியது. பூச்சி அண்மையில்தான் வந்திருக்கிறது, ஆகவே ஒழித்துவிடலாம் என்று அது கருதியது.

இதனை மறுத்தவர்களுள் முக்கியமானவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பூச்சியியலாளர் ஜேம்ஸ் கேரி. இவ்வளவு பரந்த பிரதேசத்தில் பூச்சி அகப்படுவதென்றால் அது பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இனி அதனை ஒழிக்க முடியாது என்பதே அவரது வாதம். முன்னரே ஒவ்வொரு மாவட்டத்திலும் தொடர்ச்சியான பூச்சிப் பதிவுகள் இருந்திருந்தால் இந்த வாதம் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். அவ்வாறான பதிவுகள் போதியளவு இருக்கவில்லை.

வேறு நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால் விடயம் மேலும் தெளிவாகிறது. நியூஸிலாந்தில் இந்தப் பூச்சி நூறு வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது. அந்நாட்டு அப்பிள்களோ உலகெங்கும் போகின்றன. எமது புறக்கோட்டைச் சந்தைக்கும் வந்திருக்கின்றன. அங்குள்ள தோட்டக்காரர்கள் பூச்சியை ஒழிக்க முயலவில்லை. பொறிகளை வைத்து வாரந்தோறும் எத்தனை பூச்சிகள் விழுகின்றன என்று எண்ணி எழுதுகிறார்கள். எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் மட்டுமே மருந்து பாவிக்கிறார்கள். புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் சிறு குளவிகளைப் பாதுகாக்கிறார்கள்.

இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் 1930 களிலேயே இது பதிவாகிவிட்டது. இன்று அங்கே வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. அந்த நாட்டில் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்வது பொதுமக்களின் பொழுதுபோக்காகவே உள்ளது. ஆசிரியர், தபால் ஊழியர், கடைக்காரர் என்று பலரும் இரவில் விளக்குப் பொறி வைத்து, காலையில் விழுந்தவற்றை எண்ணிக் குறித்துவிட்டுப் பறக்க விடுகிறார்கள். அந்தக் குறிப்புகளை மாவட்டத்துக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து சரிபார்க்கிறார். சந்தேகமானவற்றுக்கு மாதிரி கேட்பார். மாதிரி இல்லாவிட்டால் பதிவை நிராகரித்துவிடுவார். 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டத்தில் இவை அனைத்தும் சேர்க்கப்படுகின்றன. எந்தப் பூச்சி எந்த வருடத்தில் எந்த மாவட்டத்துக்கு வந்தது என்பதை அங்கே ஊகிக்க வேண்டியதில்லை. எடுத்துப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவிலும் காலப்போக்கில் இதுவே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒழிக்கும் திட்டம் கட்டுப்படுத்தும் திட்டமாக மாறியது. உள்ளூர்க் குளவிகள் இந்த அந்நியப் புழுவையும் தாக்கத் தொடங்கியிருந்ததைப் பெர்க்லி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஈற்றில் 2021 இன் இறுதியில் மத்திய அரசாங்கம் தனது கட்டுப்பாட்டு உத்தரவை முற்றாக நீக்கிக்கொண்டது. ஏறக்குறைய பதினான்கு வருடங்கள் நீடித்த உத்தரவு அது.

சொல்லாமல் விட்டிருக்கலாமா?

இதனை வாசிக்கும் ஒரு வியாபாரிக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். அந்தப் பேராசிரியர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவ்வளவு நட்டமும் ஏற்பட்டிருக்காதே?

இது பிழையான கணக்கு. உள்நாட்டில் உள்ள பூச்சியை நாமே கண்டு சொன்னால் அதற்குரிய பரிசோதனையையும் நிபந்தனைகளையும் பேசித் தீர்மானிக்க நேரம் கிடைக்கும். வாங்கும் நாட்டுத் துறைமுகத்தில் அந்நாட்டு அதிகாரி கண்டுபிடித்தால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. இதே அமெரிக்காவின் அப்பிள் வர்த்தகம் இதற்குச் சான்று. அப்பிளின் உள்ளே துளைத்துச் சென்று விதையைத் தின்னும் 'கொட்லிங்' அந்துப்பூச்சி தாய்வானில் இல்லை. எனவே ஒரு பருவத்தில் மூன்று தடவைகள் அதன் புழு கண்டுபிடிக்கப்பட்டால் இறக்குமதி முழுவதும் நிறுத்தப்படும் என்று அந்த நாடு நிபந்தனை விதித்திருந்தது. 2004 இன் இறுதியில் அவ்வாறே நடந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கிடையில் அகப்பட்ட ஒரு சில புழுக்கள் ஒரு பெரிய சந்தையை மூடிவிட்டன. 2005 இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது.

சரியான பதிவு வியாபாரிக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. அதே கொட்லிங் பூச்சியைக் காரணம் காட்டி ஜப்பான் ஒரு காலத்தில் அமெரிக்கப் பழங்களின் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியே புகையூட்டல் பரிசோதனை நடத்த வேண்டும் என்று கேட்டது. விடயம் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. அந்த நிபந்தனைக்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று 1999 இல் தீர்ப்பானது. பூச்சியின் பெயரால் தடை விதிப்பவரும் ஆதாரம் காட்ட வேண்டும், தடையை எதிர்ப்பவரும் ஆதாரம் காட்ட வேண்டும். எழுதி வைத்தவரின் பேச்சுக்கே அங்கு பெறுமதி உண்டு.

எமக்குரிய பாடம்

எமது நாட்டிலும் இதற்கான ஏற்பாடுகள் இருக்கின்றன. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. விவசாயத் திணைக்களத்தின் கீழ் கட்டுநாயக்காவில் தேசிய தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சேவை இயங்குகிறது. ஒரு பூச்சியைத் தாமதமாக அடையாளம் காண்பதன் கஷ்டத்தையும் நாம் அறிவோம். 2018 இன் இறுதியில் அம்பாறை, அநுராதபுரம் போன்ற மாவட்டங்களில் சோளப் பயிரை 'சேனா' படைப்புழு தாக்கியபோது, அது வழமையான புழு என்று எண்ணிப் பலர் வழமையான மருந்தையே அடித்தனர். பெயர் தெரிந்து, அதற்குரிய முறை கிராமங்களுக்குச் சென்று சேருவதற்குள் பல வயல்கள் சேதமடைந்துவிட்டன. கோழித் தீவனத்துக்குச் சோளம் வாங்கும் வியாபாரிகளும் அந்த நட்டத்தில் பங்காளிகளானார்கள்.

பழ இறக்குமதியிலும் ஏற்றுமதியிலும் ஈடுபடுவோர் பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்வது நன்று.

1. தாவர சுகாதாரச் சான்றிதழை வெறும் கடதாசியாகக் கருத வேண்டாம். அதில் பழத்தின் தாவரவியற் பெயர் சரியாக உள்ளதா, மேலதிக பிரகடனம் என்ற பகுதியில் எந்தப் பூச்சி பற்றி உறுதியளிக்கப்பட்டுள்ளது என்பதை வாசித்துப் பாருங்கள். முகவர் சரிபார்ப்பார் என்று விட்டுவிட வேண்டாம்.

2. பெட்டியைப் பிரிக்கும்போது புழுவோ பூச்சியோ கண்டால் நசுக்கி எறிய வேண்டாம். நசுங்கிய பூச்சிக்கு எவராலும் பெயர் சொல்ல முடியாது. புழுவைச் சிறிய போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி அதனுள் இடுங்கள். பறக்கும் பூச்சியைத் தீப்பெட்டி போன்ற சிறு பெட்டியில் உலர்வாக வைத்துக் குளிரூட்டியின் உறைபகுதியில் வையுங்கள்.

3. ஒரு நாணயக் குற்றியை அருகில் வைத்துக் கைப்பேசியால் படமெடுங்கள். அளவு தெரியும். திகதி, கொள்கலன் இலக்கம், பெட்டியில் உள்ள தோட்டக் குறியீடு, பழத்தின் ரகம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி மாதிரியோடு சேர்த்து வையுங்கள். மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

4. மாதிரியைத் தொற்றுத்தடைக்காப்பு அதிகாரிகளிடமோ, கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தோட்டப் பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனத்திடமோ ஒப்படையுங்கள். அனுப்பிய நிறுவனத்திடம் நட்டஈடு கேட்கும்போது வாய்ப்பேச்சை விட அந்தப் பதிவே பலமாக நிற்கும்.

5. தோட்டக்காரரிடமிருந்து நேரடியாகக் கொள்வனவு செய்வோர், பூச்சிக் குறிப்பேடு வைத்திருப்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள். சிறிய விலை வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை. 'எனது தோட்டத்தில் பூச்சியே இல்லை' என்பவரை விட, 'இந்த மாதம் இவ்வளவு விழுந்தது, இன்ன மருந்து அடித்தேன்' என்று ஏட்டைக் காட்டுபவரே நம்பிக்கைக்குரியவர்.

சரக்கில் உள்ள குறையை மறைக்காமல் சொல்லி விற்பவருக்கு வாடிக்கையாளர் நிலைத்திருப்பார் என்பது எமது மூத்த வியாபாரிகள் நன்கறிந்த விடயம். நாடுகளுக்கிடையிலான வர்த்தகமும் அதே அடிப்படையில்தான் நடக்கிறது. அங்கே குறையைச் சொல்வதற்கு முதலில் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிவதற்கு யாராவது ஒருவர் பூச்சியைப் பிடித்து, பார்த்து, எழுதி வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை கடையில் பழப்பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு சிறு புழு நெளிந்தால், அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.